மை இழுபட்ட வரிகள்

சிஸுஓகா, ஜப்பான்
18-8-1974

அன்புள்ள முத்துப்பேச்சிக்கு,

அழகுமலை எழுதுவது. நான் நல்ல சுகம். உன் சுகத்துக்கும், நம் கோழிகள் ஐந்தின் சுகத்துக்கும் பதில் போடவும். அட்டைக்கடி இந்த மழைக்கு எப்படி?

இதைச் சந்தனமேரி அக்கா வாசிப்பார், லயத்து வீடுகளில் பாதிப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்று தெரியும். ஆகவே முதலில் எல்லாருக்கும் என் வணக்கம்.

இங்கேயும் மலை, மழை, தேயிலைதான். ஆனால் இவர்கள் செய்வது பச்சைத் தேயிலை, கொழுந்தை வாட விடுவதில்லை. பறித்து வந்த உடனே ஆவியில் வேக வைக்கிறார்கள், அப்புறம்தான் உருட்டுகிற மெஷின். ஆவி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அன்றைய தூள் குப்பைக்கு. அந்த இடத்தில் ஒரு அம்மாள் நிற்கிறார். கடிகாரம் பார்ப்பதில்லை. கண்ணை மூடி முகர்ந்து பார்த்து, போதும் என்று கையைத் தூக்குகிறார். நானும் பக்கத்தில் நின்று முகர்ந்து பழகுகிறேன். "இந்த இந்தியாக்காரனுக்கு நல்ல மூக்கு" என்று அவர் சொன்னதாகச் சொன்னார்கள். என் மூக்கைக் கல்யாணத்தன்று கேலி செய்த உன் அத்தைமார்களுக்கு இதைக் கட்டாயம் வாசித்துக் காட்டவும்.

வேலை பழகிக்கொண்டு ஜனவரியில் வந்துவிடுவேன். நம் பேக்டரிக்கு வரப்போகிற பச்சைத் தேயிலை மெஷினுக்கு நான்தான் பிட்டர் என்று தொரை சொன்னதை நீயும் கேட்டாய் அல்லவா. தலை நிமிர்ந்து வருவேன்.

இப்படிக்கு,
அழகுமலை


ஆனக்குழி எஸ்டேட், வண்டிப்பெரியார்
6-9-1974

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய கணவர் அவர்களுக்கு,

முத்துப்பேச்சி சொல்லச் சொல்ல, எஸ்டேட் ஆயா சந்தனமேரி எழுதுவது. இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். கர்த்தரும் காப்பாராக. (கர்த்தர் என் சேர்க்கை. இருக்கட்டும், தூரதேசம். - ச.மே.)

கோழி நான்குதான் இருக்கிறது. ஒன்றைக் கீரி கொண்டுபோனது. தங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூக்கு விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. பேக்டரியில் டீமேக்கர் சுருளிவேல் அண்ணன்கூட, "உம் புருசன் மூக்குக்கு இன்சூரன்ஸ் போடணும் தாயி" என்று சிரித்தார்.

சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. எழுதுகிற ஆள் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? (காதைப் பொத்திக்கொண்டு எழுத எனக்கு மூன்றாவது கை இல்லை. - ச.மே.)

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தவற வேண்டாம். அதற்குத்தான் பெட்டியில் நல்லெண்ணெய்ப் புட்டி வைத்தேன்.

தங்கள் அன்பு மனைவி,
முத்துப்பேச்சி


ஆனக்குழி எஸ்டேட்
20-10-1974

மரியாதைக்குரிய கணவர் அவர்களுக்கு,

நான் சுகம். தங்கள் சுகம் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அப்புறம் இல்லை. தபால்காரர் லயத்துப் பக்கம் வரும்போதே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். வேலை அதிகமா? உடம்புக்கு ஏதாவதா? இரண்டு வரி போதும். ஒரு வரி போட்டாலும் போதும்.

சுருளிவேல் அண்ணனிடம், பேக்டரிக்கு ஏதாவது தகவல் உண்டா என்று கேட்கப் போனேன். என்னைக் கண்டதும் பாய்லர் பக்கம் போய்விட்டார். நான் நின்றேன். அவர் வரவே இல்லை.

தங்கள் மனைவி,
முத்துப்பேச்சி


ஹக்கோனே, ஜப்பான்
19-11-1974

அன்புள்ள முத்துப்பேச்சிக்கு,

நான் சுகம். நீ சுகமா? மீதி நான்கு கோழியும் சுகமா? பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. கம்பெனிக்காரர்கள் என்னை ஊர் பார்க்க ஹக்கோனே என்ற மலைக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே குளிர். விரல் விறைத்துப் போகிறது, அதனால் எழுத்து கோணல். அக்கா பொறுத்து வாசிக்கவும்.

இந்த மலைக்குள் எங்கோ நெருப்பு இருக்கிறதாம். பூமியிலிருந்து வருகிற தண்ணீரே வெந்நீர். தொட்டி கட்டி அதில் உட்கார்ந்து கிடக்கிறார்கள். உடம்பில் ஒரு பொட்டுத் துணி கூடாது. கோவணத்தோடு இறங்கினேன், கரையேற்றிவிட்டார்கள்! வெளியே உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, நீ சொன்னது நினைவு வந்தது. தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, அப்படியே போய்த் தொட்டியில் இறங்கிவிட்டேன். முத்துப்பேச்சி, அரை நிமிஷத்தில் தொட்டி முழுக்க எண்ணெய்! உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் தாளித்த கடுகு மாதிரி தெறித்து ஓடினார்கள். தண்ணீரை முழுக்க இறைத்துக் கழுவி மறுபடி நிரப்ப இரண்டு மணி நேரம் ஆனது. நான் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தேன். அவர்களும் குனிந்தார்கள். நான் மறுபடி குனிந்தேன்.

பக்கத்து அறைக்காரர் ஒருவர் தினமும் எனக்கு முதுகு தேய்த்துவிடுகிறார். நல்ல மனுஷர்.

இப்படிக்கு,
அழகுமலை


ஆனக்குழி எஸ்டேட்
5-12-1974

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய கணவர் அவர்களுக்கு,

சுகம், சுகத்துக்குப் பதில். கடிதம் கண்டதும் உயிர் வந்தது. எண்ணெய்க் கதையைக் கேட்டு லயமே உருண்டு சிரித்தது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள், "வேலைக்கு அனுப்புனாகளா, குளிக்க அனுப்புனாகளா?" என்று தினமும் கேட்கிறாள். நானும் சிரித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். தங்கள் முதுகைத் தாங்களே தேய்ப்பீர்கள். நான் தேய்க்க வந்தால்கூட விடமாட்டீர்கள். இப்போது வேற்று மனிதர் தினமும் தேய்ப்பது ஏன்?

இன்னொன்று. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தங்கள் பழைய கடிதங்களைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். அந்த எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலையில் பேர் கொடுக்கப் பிரட்டில் நிற்கிற ஆட்கள் மாதிரி வரிசையாக நிற்கும். இந்தக் கடிதத்தில் வரிசையும் இல்லை, அந்தச் சாய்வும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் மை இழுபட்டிருக்கிறது. இதை எழுதியது யார்?

(குளிர் என்றுதான் எழுதியிருக்கிறாரே என்று சொன்னேன். "நீ வார்த்தையப் பாக்கெ, நான் எழுத்தப் பாக்கேன்" என்கிறாள். - ச.மே.)

தங்கள் மனைவி,
முத்துப்பேச்சி


ஹக்கோனே
23-12-1974

அன்புள்ள முத்துப்பேச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். எழுதியது நானேதான். வேறு யார் எழுதுவார்கள்? ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியுமா?

நேற்று நெருப்பு மலையைப் பார்க்கப் போனோம். நம் மேல் டிவிஷனிலிருந்து கொழுந்து மூட்டை கம்பியில் தொங்கிக்கொண்டு பேக்டரிக்கு வருமே, அதேபோல் ஆட்களைப் பெட்டியில் உட்கார்த்தி மலை உச்சிக்கு அனுப்புகிறார்கள். கீழே பார்த்தால் புல் பூண்டு கிடையாது. மஞ்சள் மண். பாறை இடுக்கில் எல்லாம் புஸ்ஸென்று ஆவி. நம் பாய்லர் ஒரு நூறைத் திறந்துவிட்டது போல. கந்தக நாற்றம் நெஞ்சை அடைக்கிறது. கொதிக்கிற குட்டையில் முட்டையை வேக வைத்து எடுத்தால் ஓடு கரிக்கட்டையாகக் கறுத்து வருகிறது. ஒரு முட்டை தின்றால் ஏழு வருஷம் ஆயுள் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். நான் ஒன்று தின்றேன். உள்ளே நம் கோழி முட்டை மாதிரி வெள்ளைதான்.

அங்கே நின்றபோது தூரத்தில் பூஜி மலை, வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. நீ பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஜனவரியில் வருவது கொஞ்சம் தள்ளிப்போகும். காரணம் பிறகு எழுதுகிறேன். லயத்தில் எல்லாரிடமும் நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அழகுமலை


ஆனக்குழி எஸ்டேட்
8-1-1975

கணவர் அவர்களுக்கு,

சுகம்.

ஏழு வருஷம் கூட வாழ்ந்து தனியாக என்ன செய்யப் போகிறீர்கள் என்று முத்துப்பேச்சி கேட்கச் சொல்கிறாள். கோழி முட்டை இங்கேயும் இருக்கிறது என்று எழுதச் சொல்கிறாள். முகம் சரியில்லை.

(தம்பி, இது நான். பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது முத்துப்பேச்சி வந்து நின்றாள். மூக்கம்மாள் மகள் பீச்சாங்கைக்காரி. அவள் எழுத எழுத, பின்னால் வருகிற கையே சிலேட்டை அழித்துக்கொண்டு வந்தது. முத்துப்பேச்சி அதையே பார்த்தாள். அப்புறம் கொழுந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மதியச் சோற்று நேரத்தில் வந்து, "ஒரு சிலேட்டு குடு" என்றாள். இதை நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. - ச.மே.)


ஹக்கோனே
30-1-1975

அன்புள்ள முத்துப்பேச்சிக்கு,

நான் சுகம். நீ கோபமாக இருக்கிறாய். கோபம் தீரும்வரை என் கதையைக் கேள்.

இங்கே பழங்காலத்தில் ஒரு செக்போஸ்ட் இருந்ததாம், நம் குமுளி மாதிரி. அதை இப்போது காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிறவன் சீட்டைக் காட்ட வேண்டும், மூட்டையை அவிழ்க்க வேண்டும், மறைத்துக் கொண்டு போனால் தலை போய்விடும். அதிகாரிகள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுவார்களோ என்று உண்மையிலேயே வியர்த்துவிட்டது. சிரிக்காதே.

இன்னொரு காட்சிசாலைக்குச் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. புல்வெளியில் சிலைகள் நிற்கின்றன. மேலே மழை பெய்கிறது. ஒரு பெண் சிலைக்குத் தோளுக்குக் கீழே இரண்டு கையும் இல்லை. உடைந்துபோனதா என்று சைகையில் கேட்டேன். இல்லை, செய்தவரே அவ்வளவுதான் செய்தாராம். ஜனங்கள் காசு கொடுத்து வந்து அதைப் பார்க்கிறார்கள். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. நான் அங்கேயே ரொம்ப நேரம் இருந்துவிட்டேன்.

குளிக்கிற விடுதியில் ஒரு வேலை இருக்கிறது. தொட்டி கழுவுவது, இலை கூட்டுவது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இங்கேயே இருக்க விட்டால் இருந்து பார்க்கலாமா என்று நினைக்கிறேன். பணம் அனுப்புவேன். யோசித்துப் பதில் எழுது.

இப்படிக்கு,
அழகுமலை


ஆனக்குழி
22-2-1975

அழகுமலைக்கு

நான் முத்துப்பேச்சி. நானே எழுதுகிறேன். சந்தனமேரி பக்கத்தில் இல்லை.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்றார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதலில் படித்தது உங்கள் பெயர்தான்.

வலது கைக்கு என்ன?

இனி உங்கள் கடிதத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன். நானே படிப்பேன். எழுத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். மெதுவாகப் படிப்பேன்.

முட்டை வேண்டாம். மலை வேண்டாம். கையைப் பற்றி எழுதுங்கள்.

முத்துப்பேச்சி


ஹக்கோனே
11-3-1975

முத்துப்பேச்சி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். முதுகு தேய்க்கிற மனுஷர் பயந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டார். டாக்டரா என்று கேட்பாய். ஆமாம். இது விடுதி இல்லை. வெந்நீர் ஆஸ்பத்திரி. ஊர் பார்க்க யாரும் என்னை அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றி வெளியே கூட்டிப் போவார்கள். அதைத்தான் கதை கதையாக எழுதினேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி. உருட்டுகிற மெஷினில் ஒரு போல்ட்டு லூசாக இருந்தது. நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எனக்குத் தெரியும். பத்து வருஷமாகத் தெரியும். நம் பேக்டரியில் மெஷின் ஓடும்போதே முறுக்கிப் பழகிய திமிர். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன, அவையும் மடங்க மாட்டேன் என்கின்றன. அதை மடக்கத்தான் இந்த வெந்நீர். கொஞ்சம் மடங்குகிறது. இன்னும் ஸ்பானர் நிற்காது.

நம் எஸ்டேட்டின் கொச்சி ஆபீசுக்கும் தொரைக்கும் அப்போதே எழுதிவிட்டார்கள். வீட்டில் நானே சொல்கிறேன், அதுவரை யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்ல நினைத்தேன். அக்கா உரக்க வாசிக்க, லயமே உச்சுக் கொட்ட, நடுவில் நீ உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பேனா எண்ணெய்க் கதைக்குப் போய்விடும்.

பீச்சாங்கையால் சாப்பிடுகிறேன். பீச்சாங்கையால் எழுதுகிறேன். விரல் இல்லாத பிட்டரை எந்தத் தொரை வைத்துக்கொள்வான்? ஏப்ரல் நடுவில் டிக்கெட் போடுவதாகச் சொல்கிறார்கள். எனக்கு வர மனமில்லை. தலை நிமிர்ந்து வருவேன் என்று எழுதியவன் கையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு எப்படி இறங்குவது? இதை யாரிடமும் சொல்லாதே.

அழகுமலை


ஆனக்குழி
30-3-1975

அழகுமலைக்கு

சுகமா? நான் சுகம் இல்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டேன். வேலை இருந்தது, அதனால் சாப்பிட்டேன். இந்தக் கடிதம் எழுத நான்கு நாள் ஆனது.

தொரைக்குத் தெரியும். சுருளிவேல் அண்ணனுக்குத் தெரியும். முதுகு தேய்க்கிறவருக்குத் தெரியும். எனக்கு மட்டும் முட்டைக் கதை. இதை நான் மறக்க மாட்டேன். வந்த பிறகு சண்டை போடுவேன். அதற்காகவாவது வாருங்கள்.

தொரை ஆபீசுக்குப் போனேன். சுருளிவேல் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். "பிட்டர் வேலைக்கு ரெண்டு கை வேணும், ஞான் எந்து செய்யும்?" என்றார் தொரை. நான் உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஆவியில் வேகிற கொழுந்து, கண்ணை மூடி முகர்கிற அந்த அம்மாள், நல்ல மூக்கு என்று சொன்னது, எல்லாம். "ஸ்பானர் பிடிக்க பேக்டரியில ஆறு பேர் இருக்காக சார். பச்சத் தேயிலைய மோந்து பாக்கத் தெரிஞ்ச ஆளு இந்த மலையில ஒருத்தர்தான். மோந்து பாக்க விரல் எதுக்கு சார்?" என்றேன். தொரை சுருளிவேல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "அது வாஸ்தவம் சார். எனக்கே அந்த வேல தெரியாது" என்றார். அக்டோபருக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வரட்டும். ஒரு மாசம் நின்னு காட்டட்டும்" என்றார் தொரை. ஒரு மாசம் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் தோற்றால் அப்புறம் பார்ப்போம். இரண்டு பேர் இருக்கிறோம். எனக்குப் பத்து விரல் இருக்கிறது.

பீச்சாங்கையால் சாப்பிடுவது வெட்கம் என்கிறீர்கள். அங்கே ஊரே குச்சியால் சாப்பிடுகிறது. நம் வீட்டில் கரண்டி இருக்கிறது. கரண்டி பிடிக்காவிட்டால் நான் ஊட்டுவேன்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதே என்று எழுதினீர்கள். உங்கள் கடிதத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நானும் எழுதினேன். கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் லயத்து முன்னால் உட்காரச் சொன்னேன். சந்தனமேரியையும் கீழே உட்கார வைத்தேன். கடிதம் என் கையில்தான் இருந்தது. நானே படித்தேன். எழுத்துக்கூட்டி, மெதுவாக, மூன்று விரல் என்ற இடத்தையும் விடாமல். யாரும் உச்சுக் கொட்டவில்லை. மூக்கம்மாள்தான் பேசினாள். "இனிமே யாரும் அவுக கையப் பத்திக் கேக்கக் கூடாது, எண்ணெயப் பத்தி மட்டுந்தான் கேக்கணும்" என்றாள். அப்போது எல்லாரும் சிரித்தார்கள். நான் அழுதேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. உங்கள் கோணல் எழுத்தையும் என் கோணல் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

கோட்டயம் பஸ் நாலு மணிக்கு வரும். எல்லாரும் நிற்பார்கள். வலது கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். நான் அந்தப் பக்கம்தான் நிற்பேன்.

முத்துப்பேச்சி